தாய்ப்பாலும் வணிகத்தின் எல்லையும்

மதீனா நகரின் எல்லையில் வணிகர் கூட்டமொன்று வந்து இறங்கியிருந்தது. அன்றிரவு அவர்களுக்குக் காவலிருக்க, அமீருல் மூமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடனழைத்துக்கொண்டு தாமே புறப்பட்டார்கள். தொழுவதும் காவல் காப்பதுமாக இரவு கழிந்துகொண்டிருக்கையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. கலீஃபா அவர்கள் குரல் வந்த திசை நோக்கிச் சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு அதன் தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை, மீண்டும் சென்றார்கள். விடியும் வேளையில் மூன்றாம் முறையும் அழுகை எழவே, நீ நல்ல தாயாகத் தெரியவில்லையே என்று அப்பெண்ணைக் கடிந்துகொண்டார்கள். பேசுபவர் யாரென்றறியாத அத்தாய், பிள்ளையைப் பால் மறக்கச் செய்ய முயல்வதாகவும் அது மறுத்து அழுவதாகவும் சலிப்போடு சொன்னாள். ஏன் இத்தனை அவசரம் என்று வினவியபோது, பால் மறந்த பிள்ளைகளுக்குத்தானே உமர் மானியம் வழங்குகிறார் என்று விடையிறுத்தாள்.

அன்று சுபுஹுத் தொழுகையில் கலீஃபா அவர்கள் ஓதியது, அழுகையின் மிகுதியால் பின்னின்றோருக்கு விளங்கவில்லை என்று இப்னு ஸஅத் போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாம் இட்ட விதியால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று தம்மையே நொந்துகொண்ட அவர்கள், பால் மறக்கச் செய்ய எவரும் அவசரப்பட வேண்டாம், இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மானியம் உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். மாகாணங்களுக்கும் அவ்வாறே எழுதியனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் எத்தனையோ பயான்களில் கூறியிருக்கிறோம். கலீஃபாவின் எளிமைக்கும் இறையச்சத்துக்கும் சான்றாகவே கூறிவந்தோம். அதனுள் வேறொரு பாடமும் உறைந்திருப்பது, அல்லிநகரத்தில் ஓர் இளந்தாய் நமக்குக் கேட்டனுப்பிய கேள்விக்குப் பின்னரே விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கான வாராந்தர பயானில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினோம். இக்காலத் தாய்மார்கள் அழகையும் வசதியையும் எண்ணித் தம் பாலைக் கொடுக்காமல் டின் பாலைக் கொடுக்கின்றனர். அல்லாஹ் பிள்ளைக்கென அருளிய உரிமையைப் பறிக்கின்றனர் என்றெல்லாம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். திரைக்கு அப்பாலிருந்து எவரும் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் வந்து அமர்ந்தார். தேனியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கூலிக்கு மூட்டை இறக்குபவர்.

"ஹஜ்ரத், பயான் கேட்டு வந்ததிலிருந்து என் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. 'நான் பாவியா என்று ஹஜ்ரத்திடம் கேட்டு வாருங்கள்' என்கிறாள்" என்றார்.

விவரம் கேட்டோம். தலைப்பிரசவம், அறுவைச் சிகிச்சை. முதல் நாள் பால் போதிய அளவு ஊறவில்லை. பிள்ளை அழுதது. ஆஸ்பத்திரியில் ஒருவர், கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது என்று ஒரு பால்மாவு டின்னைக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் மகிழ்ந்தனர். பிள்ளையும் வயிறு நிறைந்து உறங்கிற்று. டின் தீர்ந்தபோது தாயிடம் பால் இல்லை. அன்றுமுதல் விலைக்கு வாங்குகின்றனர். ஒரு டின்னின் விலை அவருடைய ஒரு நாள் கூலிக்கு ஈடு. ஆகவே கணக்குப் பார்த்து ஒரு கரண்டி மாவைக் குறைத்துக் கரைக்கத் தொடங்கினர். பிள்ளை இளைத்தது, அடிக்கடி வயிற்றோட்டமும் கண்டது. தாயைத்தான் மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் குறை சொன்னார்கள். பின்பு நாமும் சொன்னோம்.

அந்த இளைஞருக்கு அன்று நாம் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் வருமாறு அனுப்பிவிட்டு, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். அவர்களும் முதலில் தாயைத்தான் கடிந்தார்கள். காரணத்தைக் கேட்டறிந்ததும் அந்தக் கடிதலை அவளிடமிருந்து எடுத்துத் தம்மீதே போட்டுக்கொண்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை முந்திப் பால் மறக்கச் செய்தால், அவளை அவ்வாறு செய்யத் தூண்டியது எது என்று தேடவேண்டும். தூண்டுதலை நீக்க வேண்டும். இதுவே நாம் காணத் தவறிய பாடம்.

அந்த இலவச டின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மருத்துவம் அறிந்தோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தாய்ப்பால் பாத்திரத்தில் நிரப்பி வைத்த பொருளன்று. பிள்ளை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு சுரப்பது. முதல் இரண்டு மூன்று நாட்களில் ஊறும் சீம்பால் அளவிற் சிறிதே எனினும், பிறந்த பிள்ளையின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அது போதும். நோயைத் தடுக்கும் ஆற்றலும் அதில் மிகுதி. அந்நாட்களில் புட்டிப்பால் புகட்டப்பட்டால் பிள்ளை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறையச் சுரப்பும் குறைகிறது. பத்து நாளைக்கு வரும் டின், பத்து நாளில் பாலை வற்றச் செய்துவிடும். அதன்பின் அக்குடும்பம் பல மாதங்களுக்கு வாடிக்கையாளர். அன்பளிப்பு என்று வந்தது முதலீடு என்பது அப்போதுதான் புலப்படும். வற்றிய பாலை மீண்டும் ஊறச் செய்ய வழியுண்டு என்கிறார்கள். ஆயினும் அதற்குப் பொறுமையும் துணையும் தேவை. கூலிக் குடும்பத்துக்கு அவை எளிதில் வாய்ப்பதில்லை.

இனித் திருமறையின்பால் வருவோம். அல்-பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டலைப் பற்றிய சட்டங்களின் இருப்பிடம். நிறைவாக ஊட்ட விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அது வரையறுக்கிறது. ஊட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. செவிலித்தாயைக் கொண்டு பாலூட்டவும் இடம் தருகிறது. இரண்டாண்டுக்கு முன் பால் மறக்கச் செய்யவும் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு இரு நிபந்தனைகள் விதிக்கிறது. ஒன்று தாய் தந்தை இருவரின் மனப்பொருத்தம், மற்றொன்று இருவரும் கலந்து செய்யும் ஆலோசனை.

மதரஸாவில் நாம் பலமுறை ஓதிக்கொடுத்த வசனம் இது. கால அளவைப் பற்றி இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் முப்பது மாதம் என்றதையும், அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இரண்டாண்டு என்றதையும் மாணவர்க்கு விளக்குவோம். ஆனால் அந்த ஆலோசனை என்னும் சொல்லின் முன் நாம் நின்றதில்லை. பச்சிளம் பிள்ளையின் உணவைக் குறித்து முடிவு செய்ய இறைவன் அமர்த்தும் சபையில் தாயும் தந்தையும் மட்டுமே உளர். மருத்துவரைக் கேட்கலாம், மூத்தோரைக் கேட்கலாம். இவர்களெல்லாம் பிள்ளையின் நலனுக்காகப் பேசுவோர். முடிவு எப்படியானால் தனக்கு இலாபம் என்று கணக்கிட்டிருக்கும் ஒருவன் அச்சபையில் வந்தமர்ந்து, மருத்துவரின் குரலிலும் உறவினரின் குரலிலும் பேசினால், அதை ஆலோசனை என்று கூறலாமா? அங்கே பெறப்படும் சம்மதத்தை மனப்பொருத்தம் என்று கொள்ளலாமா?

வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்க, ஒரு பொருளை விளம்பரம் செய்வதையும் மாதிரி கொடுப்பதையும் தடுப்பது நியாயமா என்று வணிகப் பெருமக்கள் கேட்கக்கூடும். நம் சமுதாயம் வணிகச் சமுதாயம். ஆதலின் இக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது.

வியாபாரத்தை ஹலாலாக்கிய மார்க்கமே அதற்குக் கரையும் கட்டியிருக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தோரல்லர் என்று எச்சரித்தார்கள். பொருளின் குறையைச் சொல்லாமல் நிறையை மட்டும் காட்டுவதும் ஏமாற்றே என்பதற்கு இதுவே சான்று.

இதைவிட நம் பொருளுக்கு நெருங்கிய சட்டம் ஒன்றுண்டு. சரக்கோடு வரும் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தேனிச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் விவசாயிகளுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. போடி மலையின் ஏலக்காயாகட்டும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையாகட்டும், அன்றைய விலை இன்னதென்று அறியுமுன் பாதி வழியில் பேசி முடிப்பவர் யாருக்கு ஆதாயம் தேடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் பொய் எதுவும் சொல்லியிருக்கமாட்டார். விவசாயியும் மனமொப்பியே கொடுத்திருப்பார். ஆயினும் தன்னிடமுள்ளதன் மதிப்பை அறியாத நேரம் பார்த்துப் பெற்ற சம்மதம் அது. அதனால்தான் அத்தகைய விற்பனையில், சந்தையை அடைந்து விலையறிந்தபின் பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் நாயகம் (ஸல்) அவர்கள் விற்றவருக்கு அளித்தார்கள்.

பிரசவ அறையில் படுத்திருக்கும் தாயின் நிலையும் இதுவே. அவள் இன்னும் சந்தையை அடையவில்லை. தன்னிடம் ஊறவிருக்கும் பாலின் அளவையும் மதிப்பையும் அவள் அறியாள். வலியும் அச்சமும் உறக்கமின்மையும் சூழ்ந்த அந்த வேளையில் அவளை வழிமறித்துச் சந்திப்பதே இவ்வணிகத்தின் உத்தி. பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவளுக்குக் கிட்டுவதில்லை. உண்மை தெரியும்போது பால் வற்றியிருக்கும்.

இந்த அநீதியை உலகம் சிறிது சிறிதாகவே உணர்ந்தது. 1939இல், நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் பிழைப்புக்காகச் சென்று வாழ்ந்த சிங்கப்பூரில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் அந்நகர ரோட்டரி சங்கத்தில் ஓர் உரையாற்றினார். 'பாலும் கொலையும்' என்பதே அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்கு மாற்றாக டின் பாலைப் புகட்டச் செய்யும் பிரசாரத்தால் பிள்ளைகள் மடிவதைக் கண்ணாரக் கண்டு பேசிய பேச்சு அது. 1974இல் பிரிட்டனில் 'வார் ஆன் வான்ட்' அமைப்பு ஏழை நாடுகளில் பால்மாவு விற்கப்படும் முறையை அம்பலப்படுத்தும் நூலொன்றை வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதத்தில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்கும் முறைக்கு ஒரு சர்வதேச நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

நம் நாடு 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. நெறிமுறை மட்டும் போதாதென்று கண்டு 1992இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிற்று. 1993 ஆகஸ்ட் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டு மேலும் வலுப்பெற்றது. குழந்தைகளுக்கான பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது. இலவச மாதிரியும் பரிசும் கொடுக்கலாகாது. டின்னின் மீது குழந்தையின் படத்தையோ பெண்ணின் படத்தையோ அச்சிடலாகாது. தாய்ப்பாலே சிறந்ததென்ற அறிவிப்பு அதில் இருக்கவேண்டும். மருத்துவமனையில் இவற்றின் விளம்பரம் இருக்கலாகாது. மருத்துவப் பணியாளருக்குப் பணமோ அன்பளிப்போ தரலாகாது. விற்ற அளவைப் பார்த்துத் தம் ஊழியருக்குத் தரகு தருவதும் கூடாது. மீறினால் சிறைத்தண்டனை வரை உண்டு.

இச்சட்டம் பால்மாவு விற்பதைத் தடை செய்யவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். தேவையுள்ளோர் கடையில் வாங்கலாம். மருத்துவர் தேவை கண்டு எழுதிக் கொடுக்கலாம். சட்டம் செய்வதெல்லாம், தாய் தந்தையரின் ஆலோசனைச் சபையிலிருந்து வணிகனை எழுப்பி வெளியே அனுப்புவதே. கடையில் அவன் இருக்கட்டும். கட்டிலருகே வேண்டாம் என்கிறது. திருமறை வசனத்தை ஓதியவர்கள் இதில் தமக்கு அந்நியமான எதையும் காணமாட்டார்கள்.

ஆயினும் சட்டம் இயற்றியதோடு தீமை நீங்கிவிடவில்லை. நம் இளைஞரின் வீட்டுக்கு அந்த டின் வந்தது இச்சட்டம் நடைமுறைக்கு வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே. விதியைத் தாண்ட வழிகளும் பலவுண்டு. சட்டத்தின் காவல் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரைதான். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் பால்மாவுக்கு விளம்பரம் செய்யத் தடையில்லை. பெயரிலும் டின்னின் தோற்றத்திலும் அது சிறு குழந்தைகளுக்கானதை ஒத்திருந்தால், ஒன்றுக்குச் செய்த விளம்பரம் மற்றொன்றையும் விற்றுக் கொடுக்கும். இப்போது கைப்பேசி வந்துவிட்டது. பிள்ளை அழுகிறதே, என்ன செய்ய என்று நள்ளிரவில் தேடும் தாய்க்கு, தோழியைப் போலவும் தாதியைப் போலவும் பேசும் விளம்பரம் அதிலேயே வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கைக்காக எட்டு நாடுகளில் பெற்றோரும் கருவுற்ற பெண்களுமாக 8,500 பேரை விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் பால்மாவு நிறுவனங்களின் விளம்பரம் தம்மை வந்தடைந்ததாகக் கூறினர்.

வேறொன்றையும் சொல்லவேண்டும். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. நெஸ்லேயின் குழந்தை உணவில், தன் சொந்த நாட்டில் விற்பதில் சர்க்கரை சேர்க்காமலும், இந்தியா போன்ற நாடுகளில் விற்பதில் சேர்த்தும் விற்கப்படுகிறது என்று அது கூறிற்று. இந்நாட்டு விதிகளுக்கு உட்பட்டே தயாரிப்பதாகவும், சர்க்கரையைக் குறைத்து வருவதாகவும் நிறுவனம் விடையளித்தது. சர்க்கரை சேர்க்காத வகைகளைப் பின்னர் அறிமுகமும் செய்தது. விதியை மீறாதிருப்பது ஒன்று, ஒரே அளவுகோலால் அளப்பது மற்றொன்று. தமக்கு வாங்கும்போது நிறைத்தும் பிறர்க்குக் கொடுக்கும்போது குறைத்தும் அளப்போரை எச்சரிக்கத் திருமறையில் ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது.

வணிகரை நோக்கி இத்தனை கூறிய நாம், நம்மை நோக்கியும் சில கேட்டுக்கொள்ள வேண்டும். தாயைச் சபையிலிருந்து நாமே வெளியேற்றுவதும் உண்டன்றோ? சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் மூத்தோர் இன்றும் உளர். இது அறியாமை. பாலூட்டும் மனைவிக்கு வயிறார உணவும், வீட்டு வேலையிலிருந்து ஓய்வும் தராத கணவர் உளர். உணவும் உடையும் தந்தையின் கடமை என்ற அதே வசனம் இவர்களை விசாரிக்கும். தாய்க்குப் பாலூட்டு என்று உபதேசித்து, தந்தையின் கடமையைக் கூறாமல் விட்ட நம்மைப் போன்றோரையும் விசாரிக்கும்.

நம் பள்ளத்தாக்கில் இன்னொரு காட்சியும் உண்டு. விடியுமுன் கம்பம், போடி வட்டாரச் சாலைகளில் ஜீப்புகள் வரிசையாக மலையேறும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். அவர்களிற் சிலர் கைப்பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வோர். 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது நல்ல காரியமே. ஆனால் ஜீப்பில் செல்லும் தினக்கூலிப் பெண்ணுக்கு எந்த முதலாளி விடுப்புத் தருவார்? வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத அத்தாயிடம் தாய்ப்பாலின் மகிமையை மட்டும் பேசுவது, பசித்தவனிடம் உணவின் ருசியைப் பேசுவதாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவி, இப்போது 18,000 ரூபாய் மதிப்புடையது. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மானியம் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பறைசாற்றியதன் சாயலை நாம் இதில் காண்கிறோம். அந்த உதவி தகுதியுள்ள எந்தத் தாய்க்கும் விடுபடாமல் சேரச் செய்வதும், எஞ்சியதை ஸதகாவிலிருந்தும் பைத்துல்மாலிலிருந்தும் நிறைப்பதும் ஜமாஅத்துக்கள் செய்யத்தக்க பணி.

நோயினாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் இருக்கின்றனர். நாயகம் (ஸல்) அவர்களே பனூ ஸஅத் குலத்து ஹலீமா அம்மையாரின் பாலருந்தி வளர்ந்தவர்கள். பிறர் பாலருந்துவது நம் மார்க்கத்தில் இழிவன்று. அது உறவையே உண்டாக்குவது. அதனால் திருமண உறவு விலக்கப்படும் அளவுக்குக் கண்ணியம் பெற்றது. செவிலித்தாயோ வேறு வழியோ இல்லாதபோது, மருத்துவர் சொன்ன அளவில், காய்ச்சிய தூய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. உயிரைக் காப்பதே முதற்கடமை. அத்தகைய தாயைக் குறை கூறுவோர்தாம், பிள்ளையின் பொருட்டுத் தாயைத் துன்புறுத்தலாகாது என்ற இறைவாக்குக்கு மாறு செய்தவராவர்.

மறுநாள் அஸருக்குப் பின் இளைஞர் வந்தார். அவர் மனைவிக்கு நாம் சொல்லியனுப்பியது இது: "அம்மா, பாவம் உங்களுடையதன்று. விசாரியாமல் பேசியது எங்கள் பிழை; அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். நீங்களும் மன்னியுங்கள்." மாவைக் குறைத்துக் கரைக்க வேண்டாமென்று அவரிடம் வற்புறுத்தி, டின் வாங்கவும் அரசு மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டவும் அன்பர் சிலர் மூலம் ஏற்பாடு செய்தோம். அடுத்த வார பயானில், முன்பு சொன்னதை அதே இடத்திலிருந்து திருத்திக்கொண்டோம். திரைக்கு அப்பால் அன்றும் எவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் கருவுற்ற பெண்கள் பலர், ஆஸ்பத்திரியில் டின் கொடுத்தால் என்ன சொல்வது என்று கேட்டனுப்பத் தொடங்கினர். வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கணவரும் உடனிருந்து சொல்லட்டும். மருத்துவர் அவசியம் என்றால் அதன் காரணத்தைக் கேட்டறிந்து, இருவரும் கலந்து முடிவு செய்யுங்கள் என்று விடையளித்து வருகிறோம்.

தன் பிழையை உணர்ந்து ஒரே காலைப்பொழுதில் சட்டத்தை மாற்றிய கலீஃபாவின் நெஞ்சத்தை, நம்மை ஆள்வோருக்கும், வணிகம் செய்வோருக்கும், போதிப்போருக்கும் வல்ல நாயன் அருள்வானாக! பால்குடிப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றோரையும் காப்பானாக! ஆமீன்.